காபிக்கு முன்னால் நாலு மாத்திரை

அப்பாவுக்கு 74 வயது. காலை ஐந்தரைக்கு டிகிரி காபி குடிக்காமல் அவருக்குப் பொழுது விடிந்ததே கிடையாது. இப்போது அது ஆறரைக்குத் தள்ளிப் போய்விட்டது. எழுந்ததும் வெறும் வயிற்றில் 250 மில்லிகிராம் அபிராடெரோன் மாத்திரை நாலு. அப்புறம் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடுமாம். அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் யாரும் அவரிடம் வாயைக் கொடுப்பதில்லை.

ப்ராஸ்டேட் புற்றுநோய். முதுகுவலிதானே என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்; தெரியவந்தபோது எலும்புக்குப் போயிருந்தது.

இந்தப் புற்றுக்குத் தீனியே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் என்றார் டாக்டர். விரைகளை அறுவை செய்து எடுத்துவிடலாம், ஒரே தடவையோடு முடிந்தது, செலவும் குறைவு. இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசியே போட்டுருங்க டாக்டர்."

விரையை நீக்கினால் பரவிய ப்ராஸ்டேட் புற்றும் அடங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியது 1941இல். நோபல் பரிசு வந்தது 1966இல். இன்றைய ஊசியும் அதே வேலையைக் கத்தியில்லாமல் செய்கிறது, ஆனால் ஒரு குறும்போடு: விரைக்கு ஆணையிடும் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியை முதலில் உசுப்பிவிட்டுத்தான் ஓயவைக்கும். முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். அதற்குக் காவலாக, டெஸ்டோஸ்டிரோனைப் புற்றிடம் வேலை செய்யவிடாத பைகலுடமைடு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தார்கள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு உடம்பெல்லாம் திடீர் திடீரென்று சூடு, வியர்வை. நடுராத்திரி எழுந்து ஃபேனை ஐந்தில் வைத்தார். அம்மா போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்: "எனக்கு 48 வயசுல இது வந்தப்ப, ஃபேனைக் குறைக்கச் சொன்னது யாரு?"

அப்பாவின் பெரிய சண்டை, அபிராடெரோனுக்குத் துணையாகக் கொடுத்த ப்ரெட்னிசோலோன் மாத்திரையோடுதான். வெறும் 5 மில்லிகிராம். ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னதும் மாத்திரை அட்டையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டார். "ஹார்மோனை நிறுத்தத்தானே ஊசி? அப்புறம் எதுக்கு இன்னொரு ஹார்மோன்?"

நியாயமான கேள்விதான். டெஸ்டோஸ்டிரோனும் ஸ்டீராய்டே, கொலஸ்ட்ராலிலிருந்து உடம்பு செய்துகொள்வது. ஊசி விரையை மட்டும் அடக்கும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியும், ஏன், புற்றுமேகூடக் கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும். அபிராடெரோன் அந்த வழியையும் அடைக்கிறது. அடைக்கும்போது, அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஸ்டீராய்டான கார்டிசோலும் குறைந்துபோகிறது. உடனே பிட்யூட்டரி அட்ரினலைப் போட்டு விரட்ட, வேறு ஹார்மோன்கள் பெருகி ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். குறைந்த கார்டிசோலை ஈடுகட்டத்தான் அந்தச் சின்ன மாத்திரை. தானாக நிறுத்தவும் கூடாது.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். "சரி" என்று மட்டும் சொன்னார். இப்போது இட்லியோடு போட்டுக்கொள்கிறார். ரத்தத்தில் புற்றின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு, 112ஆக இருந்தது, போன மாதம் 0.6.

அம்மா ஆறேகாலுக்கே டிகாக்‌ஷன் இறக்கிவிடுகிறார். மணம் கூடத்துக்கு வந்தால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. ஆறரை வரை அடுக்களைக் கதவைச் சாத்தி வைக்கிறோம்.