கால் ஊன்றாமல் ஆற்காடு சாலை: ஆறு வாரப் பழக்கம்

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நெடுஞ்சாலையில் நினைத்த இடத்துக்குப் போகிறது. ஆனால் சென்னை ஆற்காடு சாலையில் வடபழனியிலிருந்து போரூர் வரை மெட்ரோ தூண்களுக்கும் தடுப்புகளுக்கும் நடுவே நகரும்போது, 200 கிலோவுக்கு மேல் இருக்கிற அந்த எடை முழுக்க என் தொடையிலும் மணிக்கட்டிலும்தான் இறங்கியது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் யூ டர்ன் பாதியில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, ஹேண்டில்பார் திரும்பியிருந்த நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன், வண்டி அப்படியே வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர் "விடுங்க தம்பி, நான் பிடிக்கிறேன்" என்று தூக்கிவிட்டார். என்ஜினுக்குக் காவலாக மாட்டும் கம்பி, என்ஜின் கார்டு, இருந்ததால் கால் தப்பியது.

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு காலி மைதானம், எட்டுச் செங்கல், ஒரு மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் ஹாஃப் கிளட்ச் மட்டும்தான், அதாவது கிளட்ச் லீவரை முழுதாக விடாமல் பாதியில் பிடித்து ஓட்டுவது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க நான் ஆக்சிலரேட்டரையே திருகிக்கொண்டிருந்தேன், அதனால்தான் வண்டி குதித்தது. இப்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து அப்படியே வைத்துவிடுகிறேன், கிளட்ச் பாதியில், வலது கால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி. இழுக்கிற என்ஜினைப் பிரேக் பிடித்து வைப்பதால் சங்கிலி தொய்ந்து தொய்ந்து இழுபடுவதில்லை, வண்டி நிமிர்ந்து நிற்கிறது. கிளட்ச் தேய்ந்துவிடுமே என்று பயந்தேன். இது எண்ணெயில் ஊறிய கிளட்ச், காரில் இருப்பதுபோல் உலர்ந்தது இல்லை, இந்த அளவு நழுவலைத் தாங்கும். அதற்காக சிக்னலில் நிற்கும்போதும் பாதியில் பிடித்து வைக்கக் கூடாது, நியூட்ரல்தான். 20 மீட்டரைக் கால் ஊன்றாமல் கடக்க முதல் வாரம் 11 நொடி, இப்போது 19 நொடி. இதில் எவ்வளவு மெதுவாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது.

அப்புறம் எட்டு. லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான், ஆனால் அன்று ஓட்டியது 100 சிசி வண்டி. செங்கல்லைப் பார்த்தால் செங்கல்மேலேயே ஏறுகிறது. முகத்தைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் கை தானாகத் திரும்புகிறது. வண்டியைச் சாய்த்துவிட்டு உடம்பை எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் வட்டம் இன்னும் சுருங்குகிறது. இது பிடிபட நான்கு ஞாயிறு ஆயிற்று.

எனக்கு இன்னும் சிக்கலாக இருப்பது ஒன்று. நம் ஊரில் யூ டர்ன் எல்லாமே வலப்பக்கம், பின் பிரேக்கும் வலது காலில்தான் இருக்கிறது. சாய்கிற பக்கம் ஊன்ற வேண்டிய காலும் பிரேக்கில் இருக்கிற காலும் ஒன்றே. காலை எடுத்தால் பிரேக் விட்டுப்போகும், வண்டி முன்னே பாயும். அதனால் திருப்பத்துக்குள் நுழையும் முன்பே எதிர்ச்சாரி முழுக்கக் காலியா என்று பார்க்கிறேன், இல்லையென்றால் நேராக நிற்கும்போதே இடது காலை ஊன்றிக் காத்திருக்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

போன செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு வடபழனியிலிருந்து போரூர் வரை சிக்னல் தவிர மூன்றே முறைதான் கால் ஊன்றினேன், இடது மணிக்கட்டும் வலிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மனைவியைப் பின்னால் உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், எடை மாறினால் எல்லாம் மாறிவிடும்.