உங்கள் மனைக்கு நிறம் பூசுவது யார்?

பத்திரத்தில் "வீட்டு மனை". பட்டாவில் "புஞ்சை". எந்த இடத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்), மண்டலத்துக்கொரு நிறம் பூசிய வரைபடத்தில் "விவசாயம்". மூன்றும் ஒரே புல எண்ணுக்குத்தான். கட்டட அனுமதி கேட்டுப் போனால் இந்த மூன்றில் எது செல்லும்? மூன்றாவதுதான்.

நஞ்சை, புஞ்சை, நத்தம் எல்லாம் வருவாய்த்துறை தீர்வைக்காக வகுத்தவை. பத்திரத்தில் வரும் சொத்து விவரம் விற்பவரும் வாங்குபவரும் எழுதிக்கொள்வது. அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த திட்டக் குழுமத்துக்குத்தான் உண்டு. "பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன பிரச்சினை" என்று நினைத்துத்தான் பலர் சிக்குகிறார்கள்.

சென்னைப் பெருநகரில் இப்போது நடப்பில் உள்ளது 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம். 1,189 சதுர கிலோமீட்டரை ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று மண்டலம் மண்டலமாக அது பிரித்து வைத்திருக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ப் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பெருநகர எல்லையை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஊர்களில் நிலம் வாங்குபவர்கள் "இங்கே எந்தத் திட்டம் பொருந்தும்" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

மண்டலம் தெரிந்த பிறகுதான் அளவுக் கணக்கு. அது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு) 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில், காகிதத்தில் 4,800 சதுர அடி வரும். பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம், சாலை அகலம் எல்லாம் கழித்தால் அந்த 4,800 பெரும்பாலும் கைக்கு வராது. 18 மீட்டர் சாலையில் அடுக்குமாடி உயர்கட்டடம் என்றால் குறியீடு 3.25 வரை போகும். தரகர்கள் இந்த 3.25-ஐத்தான் எல்லா மனைக்கும் சொல்லி விலை ஏற்றுவார்கள்.

இனி, அந்த வரைபடத்துக்கு நிறம் பூசுவது யார் என்ற கேள்வி. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளைப் பட்டியலிடும் பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனமே நகர்ப்புறத் திட்டமிடல். இரண்டாவது இனம் நில உபயோகமும் கட்டட ஒழுங்குமுறையும். பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் நகராட்சி, ஊராட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது 243 இசட்இ பிரிவு. மாவட்டத் திட்டக் குழுவில் அந்தப் பங்கு ஐந்தில் நான்கு.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தை வரைவது இன்றும் 1971 சட்டத்தின் குழுமங்கள்தான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் செயலர் யாரும் வாக்கால் வருவதில்லை, அரசு நியமிக்கிறது. வழக்கமாகத் துறை அமைச்சர் தலைவர். மற்ற இருக்கைகளில் பெரும்பாலும் துறைச் செயலர்களும் வாரியத் தலைமைகளும் இருப்பார்கள். மாவட்டங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின்கீழ் உள்ளூர் திட்டக் குழுமங்கள் உண்டு. ஒரே நகராட்சி எல்லைக்குள் அடங்கினால் அது தனி உள்ளூர் திட்டக் குழுமம்; நகராட்சி நிர்வாகமே அந்த வேலையைப் பார்க்கும். பல உள்ளாட்சிகளைச் சேர்த்தால் கூட்டு உள்ளூர் திட்டக் குழுமம். எந்தக் குழுமம் அமைந்தாலும் அதன் எல்லையை வகுப்பதும் ஆளை அமர்த்துவதும் அரசுதான். உங்கள் வார்டு கவுன்சிலர் உங்கள் தெருவின் மண்டலத்தை மாற்றித் தருகிறேன் என்றால், அவரால் முடிந்தது ஒரு பரிந்துரைக் கடிதம், அவ்வளவே.

அப்படியானால் பொதுமக்களுக்கு வாய் எங்கே திறக்கிறது? அதே 1971 சட்டத்தின் 26-ஆவது பிரிவில். வரைவுத் திட்டத்துக்கு அரசின் இசைவு கிடைத்ததும் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். அதிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணை, கருத்து சொல்ல அவகாசம். நடைமுறையில் அரசிதழை யாரும் படிப்பதில்லை, வரைபடம் குழும அலுவலகத்தில் தொங்கும், இரண்டு மாதம் ஓடிவிடும். அந்தச் சாளரம் மூடினால் அடுத்தது எப்போது? கோவையின் முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதலானது; அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-இல். முப்பது வருடம்.

ஆட்சேபணை எழுதுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "எங்கள் பகுதி பாதிக்கப்படும், ஆவன செய்யவும்" என்று ஐம்பது பேர் கையெழுத்திட்டுத் தரும் மனு கோப்பில் ஒரு தாள், அவ்வளவுதான். கிராமம், புல எண், உட்பிரிவு, வரைவில் காட்டிய மண்டலம், நீங்கள் கேட்கும் மண்டலம் இவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். புலப்பட (உங்கள் புலத்தின் நில அளவை வரைபடம்) நகலையும் அ-பதிவேட்டின் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) நகலையும் இணையுங்கள். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வையுங்கள்: பழைய கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது, தேதியிட்ட படங்கள். ஒரு மனைக்கு ஒரு மனு. கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

உட்பிரிவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. திட்டம் போட்டபோது 123 என்று இருந்த புலம் இப்போது 123/4பி ஆகியிருக்கும். திட்டத்தின் புல எண் பட்டியலில் "123 பகுதி" என்று மட்டும் இருந்தால் பாதி மஞ்சளிலும் பாதி பச்சையிலும் நிற்கும். உங்கள் துண்டு எதில் என்பதைப் புலப்படத்தை வரைபடத்தின்மீது பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமமும் புல எண்ணும் கொடுத்தால் மண்டலம் காட்டும். அது முதல் பார்வைக்கு மட்டும் போதும். முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போதாது.

திட்டம் முடிந்தபின் மிச்சமிருப்பது நில உபயோக மாற்ற விண்ணப்பம். 32-ஆவது பிரிவு திட்டத்தைத் திருத்த இடம் கொடுக்கிறது. தள ஆய்வு, நாளிதழ் விளம்பரம், ஆட்சேபணை, தொழில்நுட்பக் குழு, குழுமக் கூட்டம் என்று கோப்பு நகரும். விண்ணப்பம் விழுவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: அணுகுசாலை அகலம் போதாமை, நீர்நிலையை ஒட்டிய இடம், சுற்றிலும் வேறு மண்டலமாக இருக்க நடுவில் ஒற்றைத் துண்டு. ஏரி, ஓடையிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் அனுமதி மறுக்கவோ நிபந்தனை போடவோ குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே நிலத்தை வாங்கிவிட்டு மாற்றத்துக்குப் போவது தலைகீழ் வேலை. மாற்றம் கிடைத்தால் மட்டுமே கிரயம், இல்லையேல் முன்பணம் திரும்ப, என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விற்பவர் மறுத்தால் அவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

திட்டத்தில் உங்கள் நிலம் பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் 38-ஆவது பிரிவைப் படியுங்கள். அரசிதழ் அறிவிப்பிலிருந்து மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வெளியாகவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால் ஒதுக்கீடு விலகியதாகக் கருதப்படும். ஆனால் வரைபடத்தில் நிறம் தானாக மாறாது. தேதிகளைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம்தான் வழி. திட்ட அனுமதியே மறுக்கப்பட்டால் முதலில் 79-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு; ஆணை கைக்கு வந்த தேதியிலிருந்து இரண்டு மாதம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.