மேரு மலையின் தண்ணீரும் டரங்கீரியின் யானைகளும்

வடக்கு டான்சானியாவில், அருஷா நகருக்குக் கிழக்கே, மேரு மலையின் தென்சரிவில் உள்ள ஒரு கிராமத்தில் நான் தன்னார்வலராகத் தங்கியிருந்த மாதங்களில் என் வேலை முழுவதும் தண்ணீரைச் சுற்றியே இருந்தது. மேரு ஓர் எரிமலை. உயரம் 4,500 மீட்டருக்கும் மேல். அதன் பாறைகளின் ஊடே ஊறி வரும் ஊற்றுநீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வேறு தண்ணீர் கிடைக்காத கிராமங்களை முன்னிட்டு டான்சானியா ஒரு காலத்தில் 8 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்தது. அதன் விளைவு பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகத் தெரிகிறது. தர்மபுரி மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கறையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இத்தனை நாடுகள் இருக்க இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

அங்கே நாங்கள் வீடுகளுக்குத் தயாரித்துக் கொடுத்தது எலும்புக்கரி வடிகட்டி. மாட்டெலும்புகளைக் காற்று அதிகம் புகாத சூளையில் சுட்டு, நொறுக்கி, சலித்து, பலமுறை கழுவி வாளியில் நிரப்ப வேண்டும். பற்களும் எலும்பும் எந்தக் கனிமத்தால் ஆனவையோ, அதே கனிமம்தான் கரியிலும் தங்கி, தண்ணீரிலுள்ள ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகளின் பல்லில் சேர வேண்டியது வாளியிலேயே நின்றுவிடுகிறது. சூட்டின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. குறைவாகச் சுட்டால் தண்ணீர் நாறும். அதிகமாகச் சுட்டால் கரி வெளுத்து, பிடிக்கும் திறனை இழந்துவிடும். மலையடிவாரத்தில் உள்ள இங்குர்டோட்டோ ஆய்வு நிலையத்தில் டான்சானியர்களே நெடுங்காலமாக வளர்த்தெடுத்த முறை இது. வெளிநாட்டிலிருந்து வந்த நாங்கள் அதற்குக் கூடுதல் கைகளாக இருந்தோம், அவ்வளவுதான். எலும்பு பட்ட தண்ணீரைக் குடிக்க நம் ஊரில் பலர் தயங்குவார்கள். மாடு வளர்த்து இறைச்சி உண்ணும் அந்த மக்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. கரியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்பதை நினைவூட்டுவதுதான் கடினமாக இருந்தது. தீர்ந்துபோன கரியும் புதிய கரியும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

நான் தங்கியிருந்த வீட்டில் மூத்தவர் ஒரு பாட்டி. எல்லோரும் அவரைப் பீபி என்றே அழைத்தோம். காலையில் முதியவர்களைக் கண்டால் இளையவர்கள் 'ஷிகமூ' என்று வணங்க வேண்டும். அவர்கள் 'மரஹாபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு. விடியற்காலையில் மஞ்சள் நிற ஜெர்ரி கேன்களுடன் பிள்ளைகள் ஊற்றுக்குப் போய்த் திரும்புவார்கள். பாலில் கொதித்த தேநீர், மதியம் மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலிக் களியும் 'ம்சிச்சா' என்னும் கீரையும், இரவில் மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் சேர்த்து வேகவைத்த மக்காண்டே. அந்தக் கீரை நம் முளைக்கீரையின் இனம்தான் என்பதால், கடுகு தாளித்துக் கடைந்து கொடுத்தபோது பீபி மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பீன்ஸ் விரைவில் வேக அவர் பானையில் ஒரு துண்டு மகாடி போடுவார். உப்பு ஏரிகளின் கரையிலிருந்து சந்தைக்கு வரும் காரக்கல் அது. அதிலும் ஃபுளோரைடு இருக்கிறது! தண்ணீரை வடிகட்டிவிட்டுக் குழம்பில் அதையே சேர்த்தால் பாடுபட்டதில் ஒரு பங்கு வீணாகும் என்பதை வீடு வீடாகச் சொல்வதும் எங்கள் வேலையில் சேர்ந்தது. முதல்நாள் இரவே பீன்ஸை ஊறப்போட்டால் விறகும் குறையும், மகாடியும் வேண்டாம் என்று செய்து காட்டிய பிறகுதான் பெண்கள் அதை ஏற்கத் தொடங்கினார்கள்.

செப்டம்பரில், மழை நின்று பல மாதங்கள் கடந்து ஊற்றின் அளவு சிறுத்திருந்த நேரத்தில், தன்னார்வலர்கள் சிலர் செலவைப் பகிர்ந்துகொண்டு டரங்கீரி தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். அருஷாவிலிருந்து டோடோமா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். செரங்கெட்டியின் புகழில் இந்தப் பூங்கா பலரால் கவனிக்கப்படுவதில்லை. ஆனால் வறண்ட பருவத்தில், ஜூலை முதல் அக்டோபர் வரை, யானைகளைக் காண வேண்டும் என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன். சுற்றுப்புறம் முழுவதும் காய்ந்துவிடும்போது டரங்கீரி ஆற்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சுகிறது. அதனால் வெகுதொலைவிலிருந்து வரிக்குதிரை, காட்டெருமை, இம்பாலா, நூ மான் என அத்தனையும் அங்கே வந்து சேர்கின்றன. மரச்செறிவுள்ள இடங்களில் செட்ஸி ஈக்கள் சட்டையைத் தாண்டிக் கடிக்கும். கறுப்பும் நீலமும் அவற்றை ஈர்க்கும் என்பதால் மண்நிற உடையே நல்லது.

கூரையை உயர்த்திய லேண்ட் குரூஸரில் நின்றபடி ஆற்றுப்படுகையைப் பார்த்தபோது, நீரோட்டத்தை விட்டு விலகி, உலர்ந்த மணலில் ஒரு பெண்யானை முன்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டியதைத் துதிக்கையால் ஒதுக்கி, பள்ளத்தில் கசிவு நிறையும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாக உறிஞ்சியது. அருகில் ஆறு ஓடும்போது அது ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று கேட்டேன். மணல் வடித்துத் தரும் நீர் சுத்தமானது, யானைக்கு அது தெரியும் என்றார் எங்கள் ஓட்டுநர். மணலையும் கரியையும் வாளியில் அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. சுற்றிலும் இருந்த பெருக்க மரங்களின் (பாவோபாப்) தண்டுகள் ஆளுயரத்துக்கும் மேலே குடையப்பட்டிருந்தன. ஈரத்துக்காக யானைகள் தந்தத்தால் பட்டையைக் கிழித்து நாரை மெல்லுகின்றன. பல நூறு ஆண்டு மரங்கள் அந்தப் புண்ணோடு உயிர் வாழ்கின்றன.

டரங்கீரி யானைகளைச் சார்லஸ் ஃபோலி 1993 முதல் ஆராய்ந்து வருகிறார். அந்த ஆண்டு கொடிய வறட்சி. ஒன்பது மாதங்களில், அவர் கவனித்த மூன்று குழுக்களின் 81 கன்றுகளில் 16 இறந்தன. அவற்றில் பெரும்பகுதி, பூங்காவை விட்டு வெளியேறாமல் தங்கிவிட்ட ஒரே குழுவைச் சேர்ந்தவை. வெளியேறிய குழுக்களில் வயது முதிர்ந்த பெண்யானைகள் இருந்தன. 1958 முதல் 1961 வரை நீடித்த முந்தைய வறட்சியில் எங்கே போய்ப் பிழைத்தோம் என்பது அவற்றின் நினைவில் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தங்கிய குழுவோ தன் மூத்தவற்றைத் தந்த வேட்டையில் இழந்திருந்தது. ஒரு கிழட்டு யானையைக் கொல்பவன் இன்னும் பிறக்காத கன்றுகளையும் சேர்த்தே கொல்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆய்வை நான் அறியேன்.

மழை வந்ததும் இந்த விலங்குகள் பூங்காவுக்குள் இருப்பதில்லை என்பதைப் பயணிகள் பெரும்பாலும் கேட்டறிவதில்லை. நூ மான்களும் வரிக்குதிரைகளும் கிழக்கே உள்ள சிமஞ்சிரோ சமவெளிக்குச் சென்று கன்று ஈனுகின்றன. பாலூட்டும் தாய்களுக்கு வேண்டிய பாஸ்பரஸ் அங்குள்ள புல்லில் அதிகம். அந்தச் சமவெளி மாசாய் கிராமங்களின் மேய்ச்சல் நிலம்; அதை உழுதுவிட்டால் பூங்காவின் விலங்குகளும் குறைந்துபோகும். 2000-களின் நடுவில் டெராட் என்ற கிராமம், அந்த நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கே விட்டுவைக்க ஒப்புக்கொண்டது. அதற்காகச் சுற்றுலா நிறுவனங்கள் சில ஆண்டுதோறும் பணம் கொடுத்தன. நுழைவுக் கட்டணம் செலுத்தும் நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதலில் இருப்பவர்கள் பூங்காவுக்கு வெளியே மாடு மேய்க்கும் அந்த மக்கள் என்றே நினைக்கிறேன்.

மேருவின் கிராமத்துக்குத் திரும்பியதும் படங்களைக் காட்டினேன். பிள்ளைகள் சிங்கத்தைக் கேட்டார்கள். பீபி அந்த மணல் பள்ளத்தின் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, யானை எவ்வளவு ஆழம் தோண்டியது, ஊறிய நீர் உவர்ப்பாக இருக்குமா என்று விசாரித்தார். முழங்கால் அளவு இருக்கும் என்றேன். உவர்ப்பைப் பற்றி ஓட்டுநரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் அவர் வீட்டு வடிகட்டியின் கரியை மாற்றும் முறை வந்திருந்தது. பழைய கரியை அவரே வாளியிலிருந்து கவிழ்த்துக் கொட்டினார்.