ஆவிக்காரும் அப்பாவும்

மார்ச் 8, சனி

சிங்கப்பூரின் சுங்கை காடுட் பட்டறைக்கு அப்பாவை இன்றுதான் கூட்டிப்போக முடிந்தது. அங்கே இருப்பது 1920இல் செய்த ஸ்டான்லி, மாடல் 735, நீராவியில் ஓடும் கார். சாலையில் ஓட்ட அனுமதி இல்லை, பட்டறை வளாகத்துக்குள் மட்டும்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில் 1972 முதல் பாய்லர் பார்த்தவர் அப்பா. புதுச் சாயத்தையோ தோல் இருக்கையையோ ஏறிட்டும் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்தார்.

"டெஸ்ட் காக் எங்கடா?"

பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்று திறந்து பார்க்கும் சிறு குழாயைத்தான் கேட்டார். டேஷ்போர்டிலேயே நீர்மட்டம் காட்டும் கண்ணாடி இருக்கிறதே என்றேன். "அத நம்பாத. முதல்ல தண்ணி, அப்புறம்தான் பிரஷர்."

மார்ச் 15, சனி

பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட்டை புளோ லேம்ப்பால் சூடாக்கி, பர்னர் பிடித்து, ஆவி ஏற அரை மணி நேரம். ஆறிய சிலிண்டருக்குள் ஆவி நுழைந்ததும் தண்ணீராகிவிடும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்து அதை வெளியேற்றினேன். அப்புறம் ஸ்டியரிங் அடியில் உள்ள நெம்புகோலை ஒரு விரலால் தள்ளினால் போதும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. இரண்டு சிலிண்டர் என்ஜின் நேராகப் பின் அச்சைச் சுழற்றுகிறது. டயருக்கடியில் சரளை நொறுங்குவதுகூடக் கேட்டது. எத்தனை முறை ஓட்டினாலும் அந்த அமைதி என்னை உலுக்கிவிடுகிறது.

1906இல் ஃபுளோரிடா கடற்கரையில் ஸ்டான்லி கார் ஒன்று மணிக்கு 205 கிலோமீட்டர் ஓடியதைச் சொன்னேன். "அவ்ளோ ஆவிக்கு எவ்ளோ தண்ணி பிடிச்சிருக்கும்?" என்றார் அப்பா.

மார்ச் 16, ஞாயிறு

நாள் முழுக்க மழை.

மார்ச் 22, சனி

ஆறாவது சுற்று. கண்ணாடி பாதிக்கு மேல் தண்ணீர் காட்டியது. அப்பா திடீரென்று நிறுத்தச் சொன்னார். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பின் துடிப்பு மாறியது அவர் காதில் விழுந்திருக்கிறது; எனக்குக் கேட்கவே இல்லை. கையுறை போட்டு டெஸ்ட் காக்கைத் திருகினார். தண்ணீர் சிதற வேண்டிய இடத்தில் வெறும் ஆவி சீறியது.

"தீய அணை! தண்ணி ஏத்தாத, அப்படியே ஆறட்டும்."

சூடேறிய குழாய்களில் குளிர்ந்த நீர் பட்டிருந்தால் பாய்லரே வீணாகியிருக்கும். மாலையில் பம்ப்பைப் பிரித்தோம். தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் செக் வால்வில் அரிசி அளவு துருச் செதில். கண்ணாடிக்குப் போகும் குழாயும் அடைத்திருந்தது. போன வாரமே தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருக்க வேண்டும். செய்யாதது என் தவறு.

மார்ச் 29, சனி

தொட்டியைக் கழுவி, புது வடிகட்டி போட்டாயிற்று. எட்டுச் சுற்று. சுற்றுக்கு ஒருமுறை நானே டெஸ்ட் காக்கைத் திறந்து பார்த்தேன். கடைசியில் பாய்லர் அடிமண்டியை வெளியேற்றினோம். மழை ஈரத்தில் வெள்ளை ஆவி கலையாமல் நின்றது. அப்பா அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். வரும் சனிக்கிழமை ஆறரைக்கே வந்து அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார், தன் பழைய ஸ்பேனர்களோடு தயாராக இருப்பாராம்.