அப்பாவின் எஸ்.ஜி.பி.டி. துண்டுக்கு அலைந்த கதை

ஒரு ஸ்டேப்ளர் கம்பியால் என் அப்பா அரை நாள் குடிகாரர் ஆனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பாவுக்கு 61 வயது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று செஸ்ட் கிளினிக்கில் மருந்து தொடங்கினார்கள். ஆள் 46 கிலோ, அதனால் நாலு மருந்தும் சேர்ந்த மாத்திரை நாளுக்கு மூன்று. தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் அவர்கள் கண்முன்னேயே விழுங்க வேண்டும். ஒரு சதம் செலவில்லை. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அந்த நாலில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றும் ஈரலைப் பதம் பார்க்கக் கூடியவை. அதற்காகத்தான் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டு இரத்த டெஸ்ட் பார்க்கச் சொல்கிறார்கள். ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி, செல் அடிபட்டால் இரத்தத்தில் கசிந்துவிடும். சில ரிப்போர்ட்டில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று இருக்கும், ஏ.எல்.டி.தான் பி.டி., ஏ.எஸ்.டி.தான் ஓ.டி., பதற வேண்டாம். மருந்து தொடங்கியதும் மூத்திரம் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா மஞ்சள் காமாலை என்று அழ ஆரம்பித்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் நிறம். காமாலை என்றால் கண்வெள்ளையைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் எஸ்.ஜி.பி.டி. 138 என்று வந்தது. ஆஸ்பத்திரி லேபில் 40 வரைதான் சரி. "தொடங்கும்போது எவ்வளவு?" என்று டொக்டர் கேட்டார். முதல் ரிப்போர்ட் துண்டு எங்களிடம் இல்லை. கிளினிக் கொப்பியில் ஒட்டியிருக்க வேண்டியது, பசை காய்ந்து எங்கேயோ விழுந்துவிட்டது. கவுண்டரில் கேட்டால் "அது உங்க பொறுப்பு" என்று பதில். ஆனால் லேபில் இருந்த மிஸ் ஒருவர், தேதியை மட்டும் வைத்துப் பெரிய ரெஜிஸ்டரைப் புரட்டி, கால் மணி நேரத்தில் 31 என்று எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் புண்ணியம். மருந்துக்கு முன் நன்றாக இருந்த ஈரல் என்பதற்கு அந்த 31 ஒன்றுதான் எங்களிடம் இருந்த சாட்சி. அன்றிலிருந்து எல்லாத் துண்டையும் போனில் படமெடுத்து வைக்கிறேன்.

டொக்டர் அப்பாவிடம் சிங்களத்தில் "வமனே யனவாத?" என்று கேட்டார். வாந்தி இருக்கிறதா என்று. அப்பா "நே டொக்டர்", இல்லை என்றார், ரொம்பத் தெம்பாக. சரி, மருந்து தொடரட்டும், ஒரு வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்றார் டொக்டர். கவுண்டரில் தேதி போட்டார்கள். நான் கொழும்பில் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடையில் லீவு சொல்லி, ராத்திரி பஸ் பிடித்து வந்து, விடியற்காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் லேப் கதவில் பூட்டு. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. தேதி எழுதியவர் காலண்டரைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு யாரோ சொன்னார்கள் என்று அப்பா முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை.

மறுநாள் போனோம். டெஸ்டுக்குப் போடும் இரசாயனம் முடிந்துவிட்டதாம், "வெளியே எடுங்க" என்றார்கள். டவுனில் ஒரு தனியார் லேபில் எடுத்தோம். ஊசி போட்ட பையன் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, சிரிஞ்சை இழு இழு என்று இழுத்தான். இரத்தக் குழாயை மெஷினில் சுற்றிவிட்டு வைத்ததும் மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அப்பாவுடையது ரோஸாப்பூத் தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது.

ரிப்போர்ட்டில் பி.டி. 144, ஓ.டி. 190. அன்று கிளினிக்கில் இருந்த வேறொரு டொக்டர் அதைப் பார்த்ததும் "எவ்வளவு குடிப்பார்?" என்றார். குடியால் ஈரல் கெட்டால் வழக்கமாக ஓ.டி.தான் பி.டி.யைவிடத் தூக்கி நிற்குமாம், இரண்டு மடங்கு கூட. அப்பா தீபாவளிக்கு ஒரு கிளாஸ் தொடுகிற ஆள். வரிசையில் நின்றவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார். நான் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பில்லை அதன் அடியில் வைத்துக் கம்பி அடித்திருந்தார்கள். பிரித்தால் பில்லுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இரத்த மாதிரியில் செல்கள் உடைந்திருக்கின்றன. சிவப்பணுவுக்குள் ஓ.டி. நிறைய உண்டு. அது உடைந்து கலந்தால் ஓ.டி. பொய்யாக ஏறும், பி.டி. அவ்வளவு ஏறாது. டொக்டர் படித்துவிட்டு "ஆ..." என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை.

இன்னொன்று, அந்தத் தனியார் லேபில் பி.டி. 55 வரை சரி என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி லேபில் மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிகிற எண், அங்கே இரண்டரை மடங்கு மாதிரித் தெரியும். முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள்.

டொக்டர் "ஆ..." என்ற அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக அப்பா எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் போய் வாந்தி எடுப்பதையும் ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுவதையும் அம்மா முதல் நாள் ராத்திரிதான் சொல்லியிருந்தார். மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று பயந்து மறைத்திருக்கிறார். டொக்டரின் முகம் மாறியது. வாந்தி, காமாலை மாதிரி அறிகுறி இல்லாதவருக்கு, சரி என்கிற எண்ணைப்போல் ஐந்து மடங்கு வரை பார்த்துக்கொண்டே மருந்து கொடுக்கலாம். அறிகுறி இருந்தால் மூன்று மடங்கிலேயே நிறுத்த வேண்டும். 138க்கும் 144க்கும் அர்த்தம் கொடுத்தது அப்பா மறைத்த அந்த வாந்திதான். உடனே ஈரலைப் பதம் பார்க்கிற அந்த மூன்று மருந்தையும் நிறுத்தினார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வினை. உடம்பு வலிக்கு அப்பா போட்டுக்கொண்டிருந்த பெனடோல் என்ற பாரசிட்டமோல் மாத்திரைக்கும், பக்கத்து லயத்து அத்தை அரைத்துக் கொண்டுவந்த கீழாநெல்லிக்கும் அன்றே தடை.

அப்புறம் ஆஸ்பத்திரி லேபிலேயே வாரா வாரம்: 152, 88, 47. ஓ.டி. ஒரு தடவையும் பி.டி.யைத் தாண்டவில்லை. பி.டி. இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியதும் ரிஃபாம்பிசினை மட்டும் தொடங்கி, சில நாள் கழித்து டெஸ்ட், பிறகு ஐசோனியாசிட், மறுபடி டெஸ்ட். பைராசினமைட்டைத் திரும்பக் கொடுக்கவே இல்லை. அதனால் ஆறு மாத வைத்தியம் ஒன்பதாகிவிட்டது. அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம், டிஸ்பென்சரிக்கு இன்னும் மூன்று மாதம் ஏறி இறங்க வேண்டுமே என்று.

போன வாரம் 36. அப்பா இப்போது ஊசி போட வருகிற யாராக இருந்தாலும் "மெதுவா இழுங்க தம்பி, ரோஸா வரக்கூடாது" என்கிறார். அடுத்த தேதியைக் கவுண்டரில் எழுதிக் கொடுத்ததும் அங்கேயே நின்று காலண்டரில் பார்த்தேன். போயா இல்லை.