காணாமல் போன 11 நாட்களுக்குள்ளே

செப்டம்பர் 2

தேதிக்கு ஒரு பக்கம் என்று 366 பக்கங்கள் உள்ள நோட்டு ஒன்றைப் பல ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். எந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படித்தாலும் அதற்குரிய பக்கத்தைப் புரட்டி ஒரு வரி எழுதிவிடுவேன். இன்றைய பக்கத்தில் 1752-க்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கிறது. அந்த ஆண்டு பிரிட்டனில் செப்டம்பர் 2 புதன்கிழமை இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை காலையில் எழுந்தார்கள். இடையில் வரவேண்டிய 11 தேதிகளையும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நீக்கியிருந்தது.

காரணம் கணக்குப் பிழை. ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி என்று வைத்திருந்தது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அந்த நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்று பிசகிக்கொண்டே போயின. 1582-ல் போப் 13-ஆம் கிரகோரி அதைச் சீர்செய்தபோது ஸ்பெயின் உடனே ஏற்றது. அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டன் 170 ஆண்டுகள் காத்திருந்தது.

அன்று நீக்கப்பட்ட தேதிகள் ஒவ்வோர் ஆண்டும் நம் கைக்கு வந்து போகின்றன. இந்த முறை 14-ஆம் தேதி வரை உட்கார்ந்து நோட்டைச் சரிபார்க்கப் போகிறேன். ஒரே பக்கத்தில் நான் எழுதியிருக்கும் வரிகள் உண்மையிலேயே ஒரே நாளைச் சேர்ந்தவைதானா?

இன்றைய பக்கத்தில் ஐயமே இல்லாத ஒரு ஜோடி உண்டு. 1945 செப்டம்பர் 2 காலையில் டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணாகதியில் கையெழுத்திட்டது. அதே நாளில் ஹனோயின் பா தின் சதுக்கத்தில் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தார். அவர் தம் உரையைத் தொடங்கியது 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடன வரிகளோடு. ஒரு போர் முடிந்த நாளிலேயே இன்னொன்றின் விதை விழுந்திருக்கிறது.

அதன் கீழே மூன்றாவது வரியும் இருக்கிறது. 1969-ல் ஹோ சி மின் இறந்ததும் இதே செப்டம்பர் 2-ல்தான். ஆனால் அரசு அறிவித்த தேதி செப்டம்பர் 3. நாட்டின் விழா நாளும் தலைவரின் இறப்பு நாளும் ஒன்றாக அமைவதை அவர்கள் விரும்பவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1989-ல்தான் உண்மையான தேதியை வெளியிட்டார்கள். என் நோட்டில் அந்த வரி முதலில் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. இன்று அதை இங்கே கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 3

இங்கிலாந்தின் படைத்தலைவராகவும் பின்னர் ஆட்சியாளராகவும் இருந்த ஆலிவர் கிராம்வெலின் நாள். 1650 செப்டம்பர் 3-ல் டன்பார் போரில் வென்றார். சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் வூஸ்டர் போரில் வென்றார். 1658-ல் அதே தேதியில் இறந்தார். மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வில் நடந்தவை, ஒரே நாட்காட்டியில் பதிவானவை. ஆகவே இந்தப் பொருத்தம் உண்மையான பொருத்தம். இன்றைய கணக்குக்கு மாற்றினால் மூன்றும் செப்டம்பர் 13-க்குப் போய்விடும். ஆனாலும் மாற்ற மாட்டேன். அவர் தமக்கு நல்ல நாளென்று நம்பியது செப்டம்பர் 3-ஐ. மாற்றினால் அந்த நம்பிக்கையின் வரலாறு அழிந்துவிடும்.

செப்டம்பர் 5

1872-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். 1888-ல் ராதாகிருஷ்ணன் பிறந்தார். 1962 முதல் இந்தியாவில் இது ஆசிரியர் தினம். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டாவது பிறந்தநாள் தெரியும். முதலாவது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியரைப் போற்றுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியவர், கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தவர், தம் பிறந்தநாளிலேயே பின்வரிசையில் நிற்பது எனக்கு வலிக்கிறது. ஒரு தேதியில் இரண்டு பேருக்கு இடம் இல்லையா என்ன? இந்தப் பக்கத்தில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். பிறந்த வரிசையிலும் அதுவே முறை.

1977-ல் வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியதும் இன்றுதான். வாயேஜர் 2 அதற்கு முன்பே, ஆகஸ்ட் 20-ல் கிளம்பிவிட்டது. வியாழன் கோளை முதலில் எட்டப் போவது எது என்று பார்த்து எண் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 6

இந்த நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். நாட்குறிப்பு எழுதிய இரண்டு பேர் இதில் சந்திக்கிறார்கள்.

முதலாமவர் அன்டோனியோ பிகாஃபெட்டா. மெகல்லனோடு 1519-ல் ஐந்து கப்பல்களில் புறப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர். மெகல்லன் 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். விக்டோரியா என்ற ஒரே கப்பல் உலகைச் சுற்றி முடித்து, 1522 செப்டம்பர் 6 சனிக்கிழமை ஸ்பெயினின் சான்லூகாரை அடைந்தது. அதில் திரும்பியவர்கள் 18 பேர்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர்கள் உணவு தேடி வெர்டே முனைத் தீவுகளில் கரையேறினார்கள். இன்று என்ன கிழமை என்று கரையில் கேட்டார்கள். வியாழன் என்று பதில் வந்தது. கப்பல் கணக்கில் புதன். பிகாஃபெட்டாவால் அதை ஏற்க முடியவில்லை. தாம் ஒருநாள்கூட நோயில் விழவில்லை, ஒருநாள்கூட எழுதாமல் விட்டதில்லை, பிறகு எப்படி ஒரு நாள் குறையும் என்று திகைத்திருக்கிறார். பிழை அவருடையது அல்ல. சூரியன் போகும் மேற்குத் திசையிலேயே உலகைச் சுற்றினால் ஒரு முழுச் சூரியோதயம் குறைந்துவிடும். ஒவ்வொரு நாளும் சில நிமிடம் நீண்டு நீண்டு, மூன்று ஆண்டுகளில் ஒரு நாளை விழுங்கியிருந்தது. அவர் விடாமல் எழுதியதால்தான் இது வெளிப்பட்டது. நடுவில் பத்து நாள் விட்டிருந்தால் தம் மறதி என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்.

இரண்டாமவர் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6-ல் தொடங்குகிறது. அது நள வருஷம், ஆவணி மாதம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கிரகோரியன் கணக்கில் இருந்ததால் அங்கே செப்டம்பர் 6. அதே நாள் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கு ஆகஸ்ட் 26. ஒரே கடற்கரையில் ஒரே சூரியனுக்குக் கீழே மூன்று கணக்குகள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாளும் இப்படித்தான்: வென்றவர்களுக்குச் செப்டம்பர் 21, தோற்றவர்களுக்குச் செப்டம்பர் 10. என் நோட்டில் அது இரண்டு பக்கங்களிலும் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள்போல இருந்தது. இன்றுதான் கவனித்தேன். இரண்டுக்கும் இடையே அம்புக்குறி போட்டுவிட்டேன்.

இந்தச் சந்திப்பிலும் ஒரு விரிசல் உண்டு. பிகாஃபெட்டாவின் செப்டம்பர் 6 ஜூலியன். பிள்ளையின் செப்டம்பர் 6 கிரகோரியன். கணக்குப் பார்த்தால் முன்னவர் கரையேறியது இன்றைய செப்டம்பர் 16. ஆனாலும் இருவரையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரவர் தாளில் அவரவர் எழுதிய தேதி இதுதான்.

செப்டம்பர் 8

1943: இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியான நாள். கையெழுத்திட்டதோ சிசிலியின் கசிபிலேயில் செப்டம்பர் 3. ஐந்து நாட்கள் உலகம் அறியாமல் ஒரு நாடு போரிலிருந்து விலகியிருந்தது. கையெழுத்தான தேதியா, அறிவித்த தேதியா? இரண்டு பக்கங்களிலும் எழுதினேன்.

செப்டம்பர் 9

1976-ல் மாவோ இறந்தார். அது ஒரு வரி. ஆனால் என் கண் போவது ஒரு அந்துப்பூச்சியின் மேல்.

ஹார்வர்டில் மார்க் 2 என்ற கணிப்பொறியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அறையளவு இயந்திரம், உள்ளே ரிலே சுவிட்சுகள் திறந்து மூடும். ஏதோ தகராறு. தேடிப் பார்த்தால் எஃப் பலகையின் 70-ஆம் ரிலேயில் ஒரு பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே நாடா போட்டு ஒட்டி, உண்மையாகவே பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதினார்கள். கோளாறுக்குப் பூச்சி, ஆங்கிலத்தில் பக், என்று பெயர் சொல்லும் வழக்கம் பொறியாளர்களிடம் அதற்கு முன்பே இருந்தது. அதனால்தான் அந்த வரியில் அவ்வளவு மகிழ்ச்சி தெரிகிறது. அந்த ஏடு இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் 9/9 என்று மட்டுமே இருக்கிறது. நேரம் 15:45 என்று நிமிடம் வரை குறித்தவர்கள் ஆண்டை எழுதவில்லை. 1945 என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். சரியான ஆண்டு 1947. அடித்துத் திருத்தினேன். நாட்குறிப்பு எழுதும் யாராக இருந்தாலும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இப்போது நமக்கு அது தெரிந்ததுதான். நமக்குப் பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 11

இந்தப் பக்கம் நிரம்பி வழிகிறது, ஓரங்களிலும் எழுதியிருக்கிறேன்.

1893-ல் சிகாகோவில் விவேகானந்தர் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்துப் பேசினார். 1906-ல் ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் ஏறத்தாழ 3,000 இந்தியர்கள் கூடி, டிரான்ஸ்வாலின் கட்டாயப் பதிவுச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் காந்தி இருந்தார். பின்னாளில் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்றது அன்றுதான் பிறந்தது, அப்போது அதற்குப் பெயர் இல்லை. 1957-ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 1973-ல் சிலியின் அதிபர் மாளிகை மேல் சொந்த விமானப்படையே குண்டு போட்டது. அதிபர் அயெந்தே வானொலியில் கடைசியாகப் பேசிவிட்டு அங்கேயே இறந்தார். 2001-ல் அமெரிக்காவில் நான்கு விமானங்கள், 2,977 உயிர்கள்.

சிலியில் நடந்ததும் செவ்வாய்க்கிழமை, நியூயார்க்கில் நடந்ததும் செவ்வாய்க்கிழமை. இன்று உலகம் இந்தத் தேதியைச் சொன்னால் 2001-ஐ மட்டும்தான் நினைக்கிறது. அந்த 2,977 பேரையும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அடிபணிய மறுப்பதற்கு அடிக்காத வழி ஒன்றைக் கண்ட அந்த அரங்கும் இதே தேதிக்குச் சொந்தம். அதையும் யாராவது ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

பாரதியின் பெயரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதை நாளைக்கு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12

பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11 என்று படித்து வளர்ந்தேன். 2021-ல் தமிழக அரசு மகாகவி நாள் என்று அறிவித்ததும் அந்தத் தேதியைத்தான். ஆனால் 1921-ல் அவர் மூச்சு நின்றது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல். கடிகாரப்படி அது செப்டம்பர் 12.

எது சரி என்று நெடுநேரம் யோசித்தேன். நள்ளிரவில் நாள் மாறுவது ஆங்கிலக் கணக்கு. நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். விடியாத வரை அந்த இரவு முந்தைய நாளின் இரவுதான். திருவல்லிக்கேணி வீட்டில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைய நாள் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆகவே 11 என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 12 என்று பதிவேட்டில் எழுதியவர்களும் பிழை செய்யவில்லை.

அவருக்கு வயது 38. மறுநாள் இறுதி ஊர்வலத்தில் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. தேதியைப் பற்றி இத்தனை பேர் வழக்காடும் காலம் வந்ததே, அதுவரை மகிழ்ச்சி. நோட்டில் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே, தைத்த இடத்தை ஒட்டி, இருபுறமும் படும்படி அவர் பெயரை எழுதினேன்.

செப்டம்பர் 13

1929: லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் இறந்தார். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்தக் கேட்டு ஜூலை 13-ல் தொடங்கிய உண்ணாவிரதம். 63-ஆம் நாளில் உயிர் பிரிந்தது. வயது 24.

இன்று வேறு எதையும் சரிபார்க்கவில்லை.

செப்டம்பர் 14

1752-க்குத் திரும்பிவிட்டேன். எங்கள் 11 நாட்களைத் திருப்பிக் கொடு என்று ஆங்கிலேயர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள் என்று நானும் நோட்டில் எழுதியிருந்தேன். அந்தக் கதை பெரும்பாலும் ஓவியர் ஹோகார்த் 1755-ல் வரைந்த தேர்தல் விருந்துப் படத்திலிருந்து கிளம்பியது. படத்தில் தரையில் கிடக்கும் ஒரு பதாகையில் அந்த வாசகம் இருக்கிறது. கலகம் நடந்ததற்குச் சான்று இல்லை. அடித்துவிட்டேன்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 11 நாட்கள் போய்விட்டன என்பதால் வாடகையோ கடனோ முன்கூட்டிக் கேட்கக் கூடாது. 21 வயது நிறைவதும் பழையபடி முழு நாட்கள் கழிந்த பிறகுதான். தேதியைத் தாளிலிருந்து எடுத்தவர்கள், வாழ்ந்த நாட்களில் கை வைக்கவில்லை. கிழமையிலும் கை வைக்கவில்லை. புதனுக்கு அடுத்து வியாழன்தான் வந்தது.

கடைசியாக ஒரு திருத்தம். மனிதன் செய்த பொருள் முதன்முதலாக நிலவைத் தொட்டது 1959-ல், சோவியத் விண்கலம் லூனா 2. உலகப் பொது நேரப்படி செப்டம்பர் 13 இரவு 9 மணி 2 நிமிடம். மாஸ்கோவில் அப்போது நள்ளிரவு தாண்டி 2 நிமிடம், செப்டம்பர் 14. நேற்றைய பக்கத்தில் மட்டும் இருந்த வரியை இன்றைய பக்கத்திலும் எழுதி, இரண்டிலும் எந்த ஊர்க் கடிகாரம் என்று குறித்துவைத்தேன்.