கழுத்தில் கத்தி வைக்கும் முன்னும், வைத்த பிறகும்: 1920களின் தைராய்டு வார்டு

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்தான் கிரேவ்ஸ். அந்த நோயாளியை வந்த கையோடு அறுவை மேசையில் ஏற்றக் கூடாது. 1920களில் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள மேயோ கிளினிக் போன்ற இடங்களில் இதுதான் முதல் பாடம். ஆள் எலும்பும் தோலுமாக வருவார். விரல் நடுங்கும், நாடி நிமிடத்துக்கு 130 ஓடும். முதலில் படுக்கை, நிறையச் சாப்பாடு, சத்தமில்லாத அறை. பார்க்க வருகிறவர்களைக் குறைத்துவிட வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் வளர்சிதை மாற்ற அளவீடு. அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாய்க்குழாய் வழியாக மூச்சு விடச் சொல்லி, உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று பார்ப்பார்கள். இயல்பான அளவிலிருந்து 10, 15 சதவீதம் முன்பின் இருந்தால் கவலையில்லை. இந்த நோயாளிகளுக்கு 50, 60 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பயந்தாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் பொய்யாக ஏறும். அதனால் முதல் நாள் கணக்கை நம்பாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்தது லூகோல் கரைசல்: நூறு மில்லி தண்ணீரில் 5 கிராம் அயோடின், 10 கிராம் பொட்டாசியம் அயோடைடு. ஒரு வேளைக்கு 10 சொட்டு, தினம் மூன்று வேளை, பாலில் கலந்து. மேயோ கிளினிக்கின் மருத்துவர் ஹென்றி பிளம்மர் 1920களின் தொடக்கத்தில் இதை அறுவைக்கு முந்தைய மருந்தாக்கினார். பத்து நாளில் நாடி இறங்கும், கை நடுக்கம் அடங்கும், ரத்தம் நிறைந்து மெத்தென்றிருக்கும் சுரப்பி இறுகும். இறுகினால்தான் கத்தி வைக்கும்போது ரத்தம் கொட்டாது. ஆனால் இந்த அடக்கம் நிலைக்காது. இரண்டு வாரத்தைத் தாண்டி இழுத்தடித்தால் அயோடினையும் மீறி நோய் திரும்பும். வெளியே மாதக்கணக்கில் அயோடின் குடித்துவிட்டு வருகிறவர்தான் மிகச் சிக்கலானவர். கையிலிருந்த ஒரே ஆயுதம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

அயோடினுக்கு முன் வழி நீளமானது. சுரப்பிக்கு ரத்தம் கொண்டுவரும் மேல் தமனியை மட்டும் கட்டி வீட்டுக்கு அனுப்பி, உடல் தேறியதும் சுரப்பியின் ஒரு பக்க மடல், பிறகு மறு பக்க மடல் என்று தவணை முறையில் எடுத்தார்கள்.

அறுவையின் இலக்கணத்தை வகுத்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். 1870களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் இறந்த இந்த அறுவையில், இறப்பை 1912 வாக்கில் அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். தோளுக்கடியில் மணல் மூட்டை, கழுத்து மடிப்பை ஒட்டிக் காலர் போல ஒரு வெட்டு, பட்டு நூல். பல பேருக்கு முழு மயக்கம் தராமல் மரத்துப்போகும் ஊசி மட்டும். குரலுக்கான நரம்பு ஓடும் இடத்தில் இடுக்கி வைத்ததும் நோயாளியைப் பேசச் சொல்வார்கள். குரல் கம்மினால் இடுக்கியை உடனே விட வேண்டும். இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்மையான சோதனை வேறெதுவும் அப்போது இல்லை.

அப்போது முழுச் சுரப்பியையும் எடுக்க மாட்டார்கள். முழுதாக எடுத்தவர்கள் வீங்கி மந்தமாகிறார்கள், பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுபோகிறது என்று கோக்கரே 1883இல் எழுதினார். அதனால் இரு பக்கமும் பின்புறத்தில் ஒரு கீற்றை விடுவது வழக்கமானது. உளுந்து அளவே இருக்கும், கொழுப்புத் துணுக்கு போலத் தெரியும், ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும் இணைத்தைராய்டு சுரப்பிகளும் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கின்றன.

உயிரைத் தீர்மானிப்பது அன்றைய இரவு. கட்டிலருகே தட்டில் கத்தரிக்கோல், தமனி இடுக்கி, மூச்சுக்குழாய்க் குழல் மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். “கட்டு இறுக்குது” என்று நோயாளி சொன்னால் கட்டை மட்டும் தளர்த்திவிட்டுப் போகக் கூடாது. உள்ளே ரத்தம் சேர்கிறது. அறுவை அரங்கு தயாராகும்வரை காத்திருந்தால் மூச்சு நின்றுவிடும். படுக்கையிலேயே தையலை வெட்ட வேண்டும். தோலோடு நிறுத்தினால் பயனில்லை, தசையடுக்கையும் பிரித்தால்தான் ரத்தக்கட்டி வெளியே வரும்.

முதல் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டி, நாடி 160 ஓடி, பிதற்றல் தொடங்கினால் அது தைராய்டுப் புயல். ஐஸ் ஒத்தடம், குளுக்கோஸ், நிறைய நீர், மார்ஃபின். வாய்வழி முடியாவிட்டால் லூகோலை ஆசனவாய் வழியாக ஏற்றினார்கள்.

அது கடந்த பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காதுக்கு முன் விரலால் தட்டினால் வாயோரம் வெட்டி இழுக்கிறதென்றால் இணைத்தைராய்டு அடிபட்டிருக்கிறது. மெக்கல்லம், வோக்ட்லின் என்ற ஆய்வாளர்கள் 1909இல் காட்டிய வழி கால்சியம். கொடுத்தால் இழுப்பு விட்டுவிடும், நிறுத்தினால் திரும்பலாம். அதனால் அந்தத் தட்டலைத் தினம் காலையிலும் மாலையிலும் செய்து பார்த்துக் குறித்துவைத்தார்கள்.